நாலு பேர் பார்க்கிறார்கள்

சூரிச் நகரில் 240 மாணவர்களைக் கணினித் திரைகளுக்கு முன்னால் உட்காரவைத்து, எர்ன்ஸ்ட் ஃபேர், சிமோன் கெக்டர் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு காசு விளையாட்டை ஆடச் சொன்னார்கள். குழுவுக்கு நாலு பேர். யார் யாரோடு ஆடுகிறார் என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவர் கையிலும் 20 காசு. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் பொது உண்டியலில் போடலாம், ஒன்றும் போடாமலும் இருக்கலாம். உண்டியலில் விழும் ஒவ்வொரு காசுக்கும் நாலு பேருக்கும் தலைக்கு 0.4 காசு திரும்ப வரும். போட்டவர், போடாதவர் என்ற பேதம் கிடையாது.

கணக்கு எளிது. நாலு பேரும் இருப்பதை எல்லாம் போட்டால் ஆளுக்கு 32 காசு. யாருமே போடாவிட்டால் கையில் இருக்கும் 20 அப்படியே இருக்கும். மூன்று பேர் முழுதாகப் போட, நான்காமவர் மட்டும் கையை இறுக மூடிக்கொண்டால் அவருக்கு 44, மற்ற மூவருக்கும் 24. போடுகிற ஒவ்வொரு காசிலும் தனக்குத் திரும்புவது பாதிகூட இல்லை என்பதால், தன் லாபத்தை மட்டும் பார்ப்பவர் போடவே மாட்டார். எல்லோரும் அப்படிப் பார்த்தால் எல்லோருக்கும் நட்டம்.

இந்த வகை விளையாட்டு உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான முறை ஆடப்பட்டிருக்கிறது. முதல் சுற்றில் மக்கள் ஏறக்குறையப் பாதியைப் போடுகிறார்கள். பொருளியல் பாடநூல்கள் கற்பித்த சுயநலக்காரன் அங்கே காணக் கிடைப்பதில்லை. அடுத்த சுற்றில் மற்றவர்கள் போட்ட தொகை திரையில் தெரிகிறது. ‘அவன் போடவில்லையே, நான் மட்டும் இளிச்சவாயனா?’ என்ற எண்ணம் எழுகிறது. சுற்றுக்குச் சுற்று உண்டியல் மெலிந்து, கடைசியில் ஏறக்குறையக் காலியாகிறது. இந்தச் சரிவுக்கு எல்லோரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. சூரிச்சிலேயே 2001-ல் வெளியான இன்னொரு ஆய்வு ஆடியவர்களைத் தரம்பிரித்துப் பார்த்தது. சுமார் பாதிப் பேர், மற்றவர்கள் போட்டால் தாமும் போடும் ரகம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் யார் என்ன போட்டாலும் ஓசியில் காலம் தள்ளும் ரகம். இந்தச் சிறுபான்மை, பெரும்பான்மையைத் தன் வழிக்கு இழுத்துவிடுகிறது.

2002-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஃபேர், கெக்டர் ஆய்வில் ஒரு புதிய விதி இருந்தது. சுற்று முடிந்ததும், ஆடுபவர் தன் காசில் ஒன்றைச் செலவிட்டு மற்றவரின் கணக்கிலிருந்து மூன்று காசைக் கழிக்கலாம். காசு கொடுத்துத் தண்டிக்கும் உரிமை என்று சொல்லலாம். சுற்று முடிந்தவுடன் குழு கலைந்துவிடும்; அந்த மூவரோடு மறுபடி ஆட நேராதபடி ஆட்களை மாற்றிவிடுவார்கள். ஆகவே தண்டித்தவருக்கு ஒரு பலனும் இல்லை. திருந்தப்போகும் ஓசியாளர் அடுத்த சுற்றில் வேறு யாருடைய குழுவிலோ இருப்பார்.

இருந்தும் 84.3 சதவீதம் பேர் ஒரு முறையாவது கைக்காசைச் செலவழித்துத் தண்டித்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர் ஐந்து முறைக்கும் மேல். தண்டனைகளில் நான்கில் மூன்று, சராசரிக்கு மேல் போட்டவர்கள் சராசரிக்குக் கீழே போட்டவர்களுக்குக் கொடுத்தவை. உண்டியல் மெலிவது நின்று, சுற்றுக்குச் சுற்று நிறையத் தொடங்கியது. ஏன் செய்தீர்கள் என்று கிளறினால் கிடைத்த விடை தத்துவமாக இல்லை. கோபம், அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நகரின் ஆய்வாளர்கள், ஏமாற்றியவரைத் தண்டிக்க முடிவெடுக்கும் தருணத்தில் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஆழத்தில், பரிசை எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் காடேட் என்ற பகுதி சுறுசுறுப்பாக இருந்தது. அது அதிகம் துடித்தவர்கள் தண்டனைக்கு அதிகம் செலவிட்டார்கள். அயோக்கியனுக்கு அடி விழும் காட்சியில் திரையரங்கம் விசில் அடிப்பதன் உடலியல் இதுதான் போலும்.

தனிமனிதச் சுதந்திரம் பற்றிய விவாதத்துக்கு இந்தக் காசு விளையாட்டில் என்ன இருக்கிறது? ஓசியாளருக்குப் போடாமல் இருக்கச் சுதந்திரம் உண்டு. யாரும் அவர் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. அதே சுதந்திரத்தால்தான் மற்ற மூவரும் அவரைத் தட்டிக்கேட்கிறார்கள். அரசர் இல்லை, காவலர் இல்லை. 1651-ல் தாமஸ் ஹாப்ஸ், வலுவான அரசு இல்லாவிட்டால் மனிதர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள் என்று எழுதினார். நூறு ஆண்டுகளுக்குப் பின் ரூசோ, மனிதனை இயல்பில் நல்லவன் என்றும் சமூகமே அவனைக் கெடுத்தது என்றும் வாதிட்டார். சூரிச் மாணவர்கள் இருவரையும் கைவிட்டார்கள். அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே இருந்தது.

சுவிஸ் மாணவர்களை வைத்து மனித இயல்பை அளக்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் அமேசான் காட்டிலிருந்து வந்தது. 1995-ல் ஜோசப் ஹென்ரிக் என்ற இளம் மானுடவியலாளர் பெரு நாட்டின் மச்சிகெங்கா மக்களிடம் இன்னொரு விளையாட்டை எடுத்துச் சென்றார். ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் சகாக்களும் 1982-ல் உருவாக்கியது அது. ஒருவரிடம் ஒரு தொகை தரப்படும். அதில் ஒரு பங்கை முகம் தெரியாத மற்றவருக்குத் தர முன்வர வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் இருவருக்கும் அவரவர் பங்கு, மறுத்தால் இருவர் கையும் காலி. ஐரோப்பா, அமெரிக்காவின் நகரங்களில் பாதியை ஒட்டித்தான் பெரும்பாலோர் தருவார்கள். ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் பல பேர் கோபத்தோடு மறுத்துவிடுவார்கள். மச்சிகெங்காக்கள் சராசரியாக 26 சதவீதம் தந்தார்கள். அதிகம் பேர் தந்தது 15 சதவீதம். பெற்றவர்கள் பெரும்பாலும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். பெரிய பங்கு கிடைக்கும் இடத்தில் உட்காரும் அதிர்ஷ்டம் தனக்கு வாய்க்கவில்லை என்பதோடு அவர்களுக்கு விஷயம் முடிந்தது.

இதன் பின் 15 சிறு சமூகங்களில் அதே ஆட்டம் ஆடிப் பார்க்கப்பட்டது. இந்தோனேசியாவின் லமலேரா தீவுக் கிராமத்தில் கூட்டமாகக் கடலுக்குப் போய்த் திமிங்கிலம் வேட்டையாடி, வெட்டிய இறைச்சியை விதிப்படி பங்கிட்டுப் பழகியவர்கள் பாதிக்கும் மேலே தந்தார்கள். பப்புவா நியூகினியின் சில சமூகங்களில் பாதிக்கு மேல் தந்தால்கூட மறுத்தார்கள். அங்கே கேட்காமல் வரும் பெரிய கொடை, பின்னால் கழுத்தை நெரிக்கும் கடன். கென்யாவின் ஓர்மா மக்களிடம் பொது உண்டியல் விளையாட்டைக் கொண்டுபோனதும் அவர்கள் உடனே இனங்கண்டு, ‘இது ஹரம்பே’ என்றார்கள். பள்ளிக்கூடம் கட்ட ஊர்கூடி வசூல் செய்யும் அவர்கள் வழக்கத்தின் பெயர் அது. நியாயம் எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறியது. ஆனால் தன் லாபத்தை மட்டும் பார்க்கும் பாடநூல் மனிதன் ஒரு சமூகத்திலும் தட்டுப்படவில்லை.

அவன் அகப்பட்ட ஒரே இடம் லைப்சிக் நகரின் சிம்பன்சிக் கூண்டு. 2007-ல் அங்கே அந்தப் பங்கு தரும் விளையாட்டின் எளிய வடிவத்தைச் சிம்பன்சிகளுக்குத் தந்தபோது, பூஜ்ஜியத்தைத் தவிர எந்தப் பங்கு வந்தாலும் அவை வாங்கித் தின்றுவிட்டு நகர்ந்தன.

சரி, கூடத்துக்குள் காசு விளையாட்டு. வெளியே வயிற்றுப்பாடு உள்ள இடத்தில்? 1968-ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் ஒரு மாட்டைக் கூடுதலாக விடுவார். லாபம் அவருக்கு, நிலம் தேய்வது எல்லோருக்கும். ஆகவே பொதுவளத்தில் சுதந்திரம் என்பது அனைவருக்கும் அழிவு என்பது அவர் வாதம். தனியாருக்கு விற்றுவிடு, இல்லையேல் அரசு கையில் எடுத்துக்கொள்ளட்டும் என்பதே வழி என்று ஒரு தலைமுறை இதைப் படித்துக்கொண்டது. அந்தக் கட்டுரையின் உண்மையான குறி மாடுகள் அல்ல, மக்கள்தொகை. பிள்ளை பெறும் சுதந்திரத்தை விட்டுவைக்கக்கூடாது என்று வாதிடவே அவருக்கு மேய்ச்சல் நிலம் தேவைப்பட்டது. மேற்கோள் காட்டுபவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை.

எலினார் ஆஸ்ட்ரம் மேய்ச்சல் நிலங்களைப் பற்றி வேறு கேள்வி கேட்டார். இந்தியானா பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியலாளரான அவர், ஹார்டின் சொன்னபடி அழிந்திருக்க வேண்டிய, ஆனால் அழியாத இடங்களைத் தேடித் தொகுத்தார். 1990-ல் அது நூலாக வந்தது. 2009-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவரே.

அவர் காட்டியவற்றில் ஒன்று சுவிஸ் ஆல்ப்ஸில் இருக்கும் டூர்பல் என்ற மலைக்கிராமம். 1483-லேயே அங்கு மேய்ச்சல் நிலத்தைக் கூட்டாக ஆளுவதற்கு ஊரார் கையொப்பமிட்ட ஆவணம் இருக்கிறது. 1517-ல் எழுதிய விதி இன்னும் சுவையானது: பனிக்காலத்தில் தன் கொட்டகையில் வைத்துத் தீனி போட முடிகிற அளவு மாடுகளை மட்டுமே கோடையில் மலைக்கு ஓட்டலாம். எத்தனை மாடு என்று யாரும் வாதிட வேண்டாம். குளிர்காலம் எண்ணிக் கொடுத்துவிடும். மீறினால் அபராதம். அபராதத்தில் பாதி, கண்டுபிடித்து வசூலித்த ஊர் அலுவலருக்கே. சூரிச் மாணவர்கள் கைக்காசை இழந்து செய்த வேலைக்கு டூர்பல் கூலி கொடுத்தது.

துருக்கியின் அலன்யா துறையில் 1970-களில் சுமார் நூறு மீனவர்கள் இதைவிடச் சிக்கனமான வழி கண்டார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் சீட்டுக் குலுக்கி இடங்களைப் பிரித்துக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் எல்லோரும் ஓரிடம் கிழக்கே நகர வேண்டும், ஜனவரிக்குப் பின் மேற்கே. நல்ல இடம் கிடைக்கும் நாளில் ஒவ்வொரு மீனவரும் விடியுமுன்னே அங்கே நிற்பார். வேறு யாரேனும் அங்கே வலை வீசினால் கண்டுபிடிக்கத் தனியாகக் காவலாளி எதற்கு?

ஆஸ்ட்ரம் எடுத்துக்கொண்ட இடங்களில் ஒன்று தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. இலங்கையின் கிழக்கே உள்ள கல் ஓயா நீர்ப்பாசனத் திட்டம். 1956-ல் தமிழர்களுக்கு எதிரான வன்முறை வெடித்த இடங்களில் ஒன்று. இடது கரை வாய்க்கால்களில் தலைப்பில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் பேசும் விவசாயிகள். தலைமடைக்காரர் மடையைத் திறந்தால் கடைமடைக்காரர் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான் என்பது எந்த ஆற்றுப் பாசனத்துக்கும் பொருந்தும். 1981-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃபும் இலங்கையின் விவசாய ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இளைஞர்களை ஊர்களுக்குள் அனுப்பி, விவசாயிகளைச் சிறு குழுக்களாகக் கூடிப் பேசவைத்தபோது நீர்த்தேக்கத்தில் கால்வாசிதான் நீர் இருந்தது. தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை விவசாயிகளே தூர் வாரினார்கள், முறைவைத்துப் பாய்ச்சினார்கள், தமக்கு வந்த நீரில் ஒரு பங்கைக் கீழே விட்டார்கள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1997-ன் சிறுபோகத்தில், நெல் போட நீர் போதாது என்று பொறியாளர்கள் கைவிரித்தார்கள். விவசாயிகள் வாதாடி, போட்டு, மேல்மடையும் கடைமடையும் பங்கிட்டு அறுவடையும் செய்தார்கள்.

இந்தக் கதைகளைக் கேட்டால் ஊர் என்பதே நற்குணத்தின் வடிவம் என்று தோன்றும். அப்படி நினைப்பதற்குமுன் டூர்பல் ஆவணத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். வெளியூர்க்காரர் அங்கே நிலம் வாங்கினாலும் மேய்ச்சல் நிலத்தில் அவருக்கு உரிமை இல்லை என்று அது கறாராகச் சொல்கிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைச் சனநாயகத்துக்குச் சான்றாக மேடைதோறும் சொல்கிறோம். குடவோலை, ஏரி வாரியம், கணக்குக் காட்டாதவருக்குத் தகுதியிழப்பு எல்லாம் உண்மை. ஆனால் அது பிராமணர் சபை. பொதுவாக, வரி செலுத்தும் நிலம் கால் வேலியாவது வைத்திருப்பவர் பெயர்தான் குடத்துக்குள் போகலாம். ஏரியின் சேற்றில் இறங்கி வேலை செய்தவர் பெயர் போகாது.

இங்கேதான் மனித இயல்பின் மறுபக்கம் தெரியத் தொடங்குகிறது. 2008-ல் லைப்சிக் ஆய்வாளர்கள் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஒரு புது விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். பொருளற்ற பெயர், அதைவிடப் பொருளற்ற விதி. பிறகு ஒரு கைப்பொம்மை வந்து அதே விளையாட்டைத் தவறாக ஆடியது. குழந்தைகள் சும்மா இருக்கவில்லை. அப்படிச் செய்யக்கூடாது, இப்படித்தான் என்று பொம்மையை அதட்டினார்கள். பொம்மை யாருக்கும் தீங்கு செய்யவில்லை. விதி உருவாகிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அவ்வளவு போதுமாக இருந்தது.

விதி நல்லதா என்று பார்க்கும் புத்தி வருமுன்பே விதியைக் காக்கும் வேகம் வந்துவிடுகிறது. ராபர்ட் பாய்ட், பீட்டர் ரிச்சர்சன் என்ற இருவர் 1992-ல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். மீறுபவரைத் தண்டிப்பதும், தண்டிக்காமல் விட்டவரையும் சேர்த்துத் தண்டிப்பதும் ஒரு கூட்டத்தில் வழக்கமாகிவிட்டால், அந்தக் கூட்டத்தில் ஒத்துழைப்பு நிலைக்கும். ஒத்துழைப்பு மட்டுமா? எது வேண்டுமானாலும் நிலைக்கும். யாருக்கும் பயனில்லாத சடங்கும், கூட்டத்துக்கே கேடான வழக்கமும் அதே கணக்கால் நூற்றாண்டுகள் தாண்டும். வாய்க்காலைக் காக்கும் அதே கை, கிணற்றில் யார் நீர் எடுக்கலாம் என்பதையும் காக்கிறது.

தண்டனை கீழ்நோக்கி மட்டும் பாய்வதும் இல்லை. கலஹாரியில் குங் மக்களோடு வாழ்ந்த மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ, ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கே விருந்து வைக்கக் கொழுத்த எருது ஒன்றை வாங்கினார். பார்த்தவர்கள் எல்லோரும் எலும்புக்கூடு என்றும் வயிறு நிறையாது என்றும் நாள்கணக்காகக் கேலி செய்தார்கள். வெட்டினால் கொழுப்பு தடித்துக் கிடந்தது. அப்போதும் கேலி நிற்கவில்லை. பிறகு ஒருவர் விளக்கினார்: நிறைய இறைச்சி கொண்டுவரும் இளைஞன் தன்னைப் பெரிய ஆளாக நினைக்கத் தொடங்குவான், அப்படிப்பட்டவன் ஒரு நாள் யாரையாவது கொல்வான், ஆகவே எவ்வளவு நல்ல இறைச்சியானாலும் மட்டம்தட்டி அவன் கர்வத்தைத் தணிக்கிறோம். கிறிஸ்டபர் போம் என்ற மானுடவியலாளர் இத்தகைய பல சமூகங்களை ஒப்பிட்டு, தலைவன் இல்லாத சமத்துவம் தானாக விளைவதில்லை, ஓங்கும் தலையைக் கூட்டம் கூடி அழுத்துவதால் விளைகிறது என்றார். ஒருவனுக்கு அடிமையாகாத சுதந்திரம் அந்த மக்களுக்குக் கிடைத்தது. அதற்கு விலை, திறமைசாலி தன் திறமையை வாய்விட்டுச் சொல்ல முடியாதது.

இந்த அழுத்தம் கட்டுமீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2008-ல் கெக்டரும் சகாக்களும் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு உதாரணம். அதே பொது உண்டியல் விளையாட்டை 16 நகரங்களின் மாணவர்கள் ஆடினார்கள். பாஸ்டன், கோபன்ஹேகன் போன்ற இடங்களில் அடி விழுந்தது ஓசியாளர்களுக்கு. மஸ்கட், ஏதென்ஸ், ரியாத் போன்ற இடங்களில் நிறையப் போட்டவர்களுக்கும் விழுந்தது. சிலர் தம்மை அடித்தவர் இவராகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பழி தீர்த்தார்கள். சிலருக்கு, அதிகம் தருபவரைப் பார்த்தாலே எரிச்சல். அங்கெல்லாம் தண்டிக்கும் உரிமை தந்தும் உண்டியல் நிறையவில்லை. சட்டத்தின் ஆட்சியும் குடிமை ஒத்துழைப்பு நெறிகளும் வலுக்குறைந்த நாடுகளில் இது கூடுதலாக இருந்தது. ஊர்களின் குணத்துக்கு மதிப்பெண் போடும் ஆய்வாக இதைப் படிப்பது தவறு. எங்கே நடுநிலையான நீதிமன்றம் இல்லையோ அங்கே தட்டிக்கேட்பதும் பழிவாங்குவதும் ஒன்றாகத் தெரிகின்றன.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் சுதந்திரத்தைப் பற்றித் தன் சிறு நூலை வெளியிட்டபோது இந்தச் சோதனைகள் எதுவும் அவரிடம் இல்லை. லண்டனில் உட்கார்ந்து 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிய அனுபவம் இருந்தது. அரசனின் கொடுமையைவிட அண்டைவீட்டாரின் கொடுமை ஆழமாகப் போகும், தப்பிக்க வழி குறைவு என்பது அவர் பயம். பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவர் விஷயத்தில் சமூகம் கை வைக்கக்கூடாது என்று எல்லை கட்டினார். ஆனால் இன்னும் பக்குவப்படாத மக்களுக்கு இந்த எல்லை பொருந்தாது என்றும் அதே நூலில் சேர்த்துக்கொண்டார். கம்பெனிச் சம்பளம் நூலுக்குள்ளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

அண்டைவீட்டாரின் கொடுமையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நாமே கட்டிக்கொண்ட அச்சம்? லியோனார்டோ பர்ஸ்டின் என்ற பொருளியலாளரும் இரு சகாக்களும் இதை அளந்தார்கள். ஆய்வு 2020-ல் வெளியானது. இடம் ரியாத். திருமணமான இளைஞர்கள் சுமார் 500 பேர், ஒரே பகுதிக்காரர்கள் முப்பது முப்பது பேராக ஓர் அறையில். வீட்டுக்கு வெளியே பெண்கள் வேலைக்குப் போகலாமா என்று பெயரில்லாமல் கேட்டபோது பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவர்கள் போகலாம் என்றார்கள். இந்த அறையில் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டபோது, சுமார் நான்கில் மூன்று பேர் குறைத்தே மதிப்பிட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரரும் தன்னைப் போலவே நினைக்கிறார் என்பது தெரியாமல், அவருக்குப் பயந்து இவரும் இவருக்குப் பயந்து அவரும் மனைவியை வீட்டில் வைத்திருந்தார்கள்.

பாதிப் பேருக்கு உண்மையான எண்ணிக்கையைச் சொன்னார்கள். உபதேசம் எதுவும் இல்லை. பிறகு, ஒரு பரிசு அட்டை வேண்டுமா அல்லது மனைவிக்கு வேலை தேடித் தரும் சேவையில் பதிய வேண்டுமா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். எண்ணிக்கை தெரியாதவர்களில் 23 சதவீதம் பேர் பதிந்தார்கள், தெரிந்தவர்களில் 32 சதவீதம் பேர். சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தபோது, எண்ணிக்கை தெரிந்தவர்களின் மனைவியரில் அதிகம் பேர் வெளிவேலைக்கு விண்ணப்பித்திருந்தார்கள், நேர்காணலுக்கும் போயிருந்தார்கள்.

எண்ணிக் காட்டினால் போதும் என்ற இந்த வழி, ஊரில் பெரும்பாலோர் உண்மையிலேயே தடையை விரும்பும் இடத்தில் பலிக்காது. அங்கே எண்ணிக்கை, தடையை இன்னும் இறுக்கும். பம்பாய் அரசு 1928-ல் அமைத்த ஸ்டார்ட் குழு ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை விசாரித்தபோது கண்டது இதைத்தான். அம்பேத்கர் அதில் உறுப்பினர். உரிமை கேட்டவர்கள் மீது ஊர் கையோங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. குத்தகை நிலத்தைப் பிடுங்கினார்கள், கூலிக்குக் கூப்பிடவில்லை, கடையில் சாமான் தரவில்லை, பாதையை மறித்தார்கள். அரசியல் சட்டம் தரும் எந்த உரிமையையும் ஊர் விலக்கு என்ற ஒற்றை ஆயுதம் செல்லாக்காசு ஆக்கிவிடும். சூரிச் மாணவர்கள் காசைக் கழித்தது போலத்தான், சோற்றைக் கழிப்பது.

1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன அம்பேத்கரும், தமிழகத்திலிருந்து போன இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தைக் கொடுத்தார்கள். வாக்குரிமை, சட்டசபை இடங்களோடு அவர்கள் கேட்ட ஒன்று, சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பது. 1922-ல் பர்மாவில் இயற்றப்பட்ட புறக்கணிப்புத் தடைச் சட்டத்தை அதற்கு மாதிரியாகக் காட்டினார்கள். சிறுபான்மையோர் உரிமை என்றால் ஆட்சியாளரிடமிருந்து காப்பது என்று பேசிக்கொண்டிருந்த அவையில், பக்கத்துத் தெருவிடமிருந்து காக்கச் சொன்ன கோரிக்கை அது.

சட்டம் வந்தது, பகுதி பகுதியாக. பம்பாய் மாகாணம் 1949-ல், தன் உறுப்பினர் ஒருவரைச் சமூகம் விலக்கிவைப்பதையே தடை செய்தது. தாவூதி போரா முஸ்லிம்களின் தலைவர் வழக்குத் தொடுத்தார். 1962-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், மதக் காரணங்களுக்காக விலக்கிவைப்பது ஒரு மதப் பிரிவு தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமையில் அடக்கம் என்று கூறி அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கினார்கள். கூட்டத்தின் சுதந்திரம் வென்றது. தலைமை நீதிபதி பி.பி. சின்கா மட்டும் மறுத்து எழுதினார். விலக்கப்பட்டவர் தன் சமூகத்துக்குள்ளேயே தீண்டத்தகாதவர் போல ஆக்கப்படுகிறார், அவருடைய மனித கண்ணியத்தைக் காக்கவே சட்டம் வந்தது என்பது அவர் பார்வை.

2011-ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் கட்டப்பஞ்சாயத்துகளைப் பெயர் சொல்லியே சட்டவிரோதம் என்றது. மகாராஷ்டிரம் 2016-ல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றி, மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்தது. 1962 தீர்ப்பை மறுபடி பார்க்கக் கோரும் மனுவோ 1986-லேயே உச்ச நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை எடுத்து, விலக்கிவைக்கும் உரிமையைத் தனிமனிதரின் கண்ணியத்தோடு எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று கருதி, ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வுக்கு அனுப்பிவைத்தது.